பெல்ட் மாட்டியாச்சா?

சின்னக்குட்டி,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. சுடவைத்துச் சாப்பிடு. வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடு.

அப்பாவின் இலவச பஸ் பாஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறேன். "செத்தவரு பாஸை இன்னும் எதுக்கும்மா பையில வெச்சுட்டு அலையற?" என்று நேற்று கேட்டாயே, சுருக்கென்று தைத்தது. அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

போன வாரமே கொடுக்கக் கிளம்பினேன். என்னைப் பார்த்ததும், நாங்கள் வழக்கமாகப் போகும் பஸ்ஸின் டிரைவர் தம்பி, பழக்கதோஷத்தில், அப்பாவின் சக்கர நாற்காலி ஏறும் பலகையை இறக்கிவிட்டார். கூட்டத்தில் அப்பா இல்லாதது அவருக்குத் தெரியவில்லை. சொல்ல மனசு வராமல் பலகை மேலேயே ஏறினேன். நாற்காலிக்கு பெல்ட் மாட்டாமல் அவர் வண்டியை எடுக்க மாட்டாரே! "பெல்ட் மாட்டியாச்சாம்மா?" என்று குரல் கொடுத்தார். நான் குனிந்து, காலி இடத்தைச் சுற்றி பெல்ட்டை மாட்டினேன். "ஆச்சு தம்பி." பஸ் நகர்ந்தது. பாஸ் ஆபீஸ் வந்தும் இறங்கவில்லை. கடைசி ஸ்டாப்வரை போய், வேறு பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

இன்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

அம்மா

மறந்துவிட்டேன்: அப்பாவின் நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரி ஆள் வருவார். கொடுத்து அனுப்பு. உன்மேல் கோபமில்லை.

இன்னொன்று. அன்று அந்தப் பெல்ட்டைக் கழற்றாமலே இறங்கிவிட்டேன். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. அப்பாவுக்கு அதைத் தானாகக் கழற்ற வராது.