நடுக்கத்தைச் சேர்க்காத கணக்கு

அன்புத் தம்பி இளங்கோவுக்கு,

ஆவடியில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வார்டனாக இருக்கும் விடுதியின் ஆராய்ச்சி மாணவி கவிப்பிரியா, பெரும் அழுத்தத்தில் உருவாகக்கூடிய உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரைடு என்ற ஒரு பொருளைக் கணினியில் கணித்திருந்தாள். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று அதைச் செய்துபார்க்க ஆயத்தமானபோதுதான், ஹைட்ரஜன் அணுக்களின் ஓயாத நடுக்கத்தைக் கணக்கில் சேர்க்காதது அவளுக்குத் தெரிந்தது. சேர்த்தால் அந்தப் பொருளே நிலைக்காது.

“சொல்லாம உட்டா இன்னா மேடம்?” என்றாள். அந்த ஆய்வகத்துக்குப் பிழையை ஒப்புக்கொள்ளும் ஆங்கிலக் கடிதத்தை நானே திருத்தி அனுப்பவைத்தேன். அவள் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அவளை இனி வரவேண்டாம் என்றுவிட்டார். அறையிலேயே அடைந்துகிடக்கிறாள்; கதவைத் தட்டினால், “உங்களுக்கு இன்னா, இங்கிலீஷ் கரெக்டா கீது இல்ல?” என்கிறாள்.

உன் அத்தான் இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பார். நீ கவலைப்படாதே. வீட்டில் இடித்த பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. இங்கே எதுவும் இறங்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அவள் இன்றும் வரவில்லை. தட்டோடு நானே மாடிக்குப் போகிறேன்.

அக்கா சரோஜினி