விடியாத சங்கீதம்

மல்லசமுத்திரம்
12-11-83

அன்புள்ள மகள் எப்சிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் தம்பியும் குறை சொல்ல முடியாத அளவுக்கு இருக்கிறோம். அத்தனை தூரத்தில், அந்தக் குளிர் தேசத்தில், உன்னையும் அவர் தம்முடைய கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் கடிதம் போன வாரம் வந்தது. அப்பாவுக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை, அதனால் நான்தான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இங்கே இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. மேகம் வருகிறது, மேற்கே திருச்செங்கோட்டு மலை வரைக்கும் கறுக்கிறது, பிறகு காற்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நம் தெருக் கிணறு வற்றி, போர் பம்பில்தான் குடம் வைத்துக் காத்திருக்கிறோம். அப்பா கடையில் கிறிஸ்துமஸ் துணி தைக்க இதுவரை ஒருவரும் வரவில்லை. தையல் மிஷின் மேல் துணி போட்டு மூடிவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். தம்பி எப்போதும் போலத்தான், படிக்கச் சொன்னால் தலைவலி என்கிறான். சரி, அதெல்லாம் இருக்கட்டும். நீ கேட்டிருந்த காரியத்துக்கு வருகிறேன்.

உன் வார்டில் பிள்ளையை இழந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வசனத்தை நீ சொன்னதாகவும், அவள் உன் கையைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். ஹாஸ்டல் ஜெபக் கூட்டத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற நீயே இப்படித் தோற்றுப்போனால் இனி எந்த வாயால் பேசுவது என்றும், துக்கப்படுகிறவர்களுக்கு எந்த வசனம் சரி என்று எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். எப்சி, எந்த வசனம் என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வருஷம் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். அதிலிருந்து உனக்கு ஏதாவது கிடைத்தால் எடுத்துக்கொள்.

பூவாத்தாள் முகம் உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. நீ நர்சிங் படிக்கப் போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தாள். களை எடுக்கவும் கடலைக்காய் பறிக்கவும் போகிறவள், புருஷன் இல்லை, ராசு என்று ஒரே மகன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, போர் போடுகிற ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். இங்கே மழை இல்லாவிட்டால் ரிக் வண்டிக்காரர்களுக்குத்தானே பிழைப்பு, தேசமெல்லாம் சுற்றுகிறார்கள். ராசுவும் மத்தியப் பிரதேசம் வரைக்கும் போனான். போனவன் ஏப்ரலில், உயிர்த்தெழுந்த பண்டிகை கழிந்த வாரத்தில் அங்கேயே செத்துப்போனான். துளையிடும் குழாயைத் தூக்கும்போது கம்பி அறுந்து மேலே விழுந்துவிட்டதாம். நல்ல கோடை, இத்தனை தூரம் உடலைக் கொண்டுவர வழியில்லை என்று டிரைவர் மாதையனும் மற்றப் பையன்களும் ரோட்டோரமாகவே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள். மாதையன்தான் வந்து சொன்னான். அவன் வாசலில் நின்றபடி, "ஆத்தா, நானே என் கையால மண்ணைப் போட்டனுங்க" என்று சொல்லி அழுத அழுகையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பூவாத்தாள் அழவில்லை. "தலை எந்தப் பக்கம் வெச்சீங்க சாமி?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அவளுடைய அண்ணன் சின்னான் வந்து, சாமியை மாத்தினதால்தான் இப்படி ஆயிற்று, கருமாதியாவது செய்து பையனைக் கரையேற்று என்று சண்டை போட்டான். சபையிலோ, கருமாதி செய்யக் கூடாது, அவிசுவாசத்துக்கு இடம் கொடுக்காதே, கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார் என்று சொல்லு என்றார்கள். ஒருத்தி, நீ ராசுவுக்காக ஒழுங்காக உபவாசம் இருந்தாயா என்றுகூடக் கேட்டுவிட்டாள். உடலும் இல்லை, கல்லறையும் இல்லை, இந்தப் பக்கத்துச் சடங்கும் இல்லை, அந்தப் பக்கத்துச் சடங்கும் இல்லை. ஆளுக்கொரு காரணத்தை மட்டும் அவள் மடியில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தை நான் நடத்துவது உனக்குத் தெரியும். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, நான் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்லி வேதத்திலுள்ள சங்கீதங்களை மனதில் ஏற்றிக்கொள்வார்கள். ஒரு மாதம் கழித்துப் பூவாத்தாள் வந்து பின்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளை நினைத்தே பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்தேன், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிற சங்கீதம். அவளும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில், எனக்கு நன்மை செய்தார், அவரைப் பாடுவேன் என்று முடியும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். அடுத்த வாரம் நாற்பத்திரண்டு, அதிலும் அப்படியே. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, "ஏனுங்கக்கா, எல்லாருமு கடைசில சிரிச்சுப்போட்டுத்தான் போவாங்களாட்ட இருக்குது. சிரிக்காத ஒருத்தன்கூட அந்தப் பொஸ்தகத்துல இல்லீங்களா?" என்றாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

அந்த வாரம் முழுவதும் நான் தேடினேன். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன், ஆனால் வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். இப்போதுதான் நின்று வாசித்தேன். குழியில் இறங்குகிறவர்களோடு தன்னையும் எண்ணிவிட்டார்கள் என்கிறான், பாதாளக் குழியிலே தன்னை வைத்தவர் நீர்தான் என்று ஆண்டவரிடமே சொல்கிறான், செத்தவர்களுக்கா அதிசயம் செய்யப் போகிறீர் என்று கேட்கிறான். முடிவில் ஒரு ஆறுதலும் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. இதைச் சொல்லிக்கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இதையும் ஒருவன் தேவாலயத்தில் பாடத்தான் எழுதியிருக்கிறான், பாடகர் குழுவே நின்று பாடியிருக்கிறது, யாரும் இதை வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. அப்படியானால் இதற்கும் ஆண்டவர் சமுகத்தில் இடம் உண்டு என்றுதானே அர்த்தம்? பூவாத்தாளுக்குக் கூட்டத்தில் அல்ல, அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தேன். நாலைந்து நாளில் பிடித்துக்கொண்டாள். இத்தனை சொல்லியும் இந்த மனுஷன் வேறு யாரிடமும் போகவில்லை பார், முதல் வரியிலேயே ஆண்டவரைத் தன் இரட்சிப்பின் தேவன் என்றுதான் கூப்பிடுகிறான் என்று எனக்குத் தெரிந்த விளக்கத்தைச் சொன்னேன். அவள், "அது உங்களுக்குத் தெரியுதுங்கக்கா. எனக்கு அந்தக் கடைசி வரிதானுங்க தெரியுது" என்றாள்.

செப்டம்பரில் அறுப்பின் பண்டிகை வந்தது. அறுக்க என்ன இருந்தது? காணிக்கை மேசையில் சந்தையில் வாங்கின இரண்டு பூசணிக்காயும் வாடின முருங்கைக்காய்க் கட்டும்தான். இருந்தாலும் வழக்கம்போல ஒவ்வொருவராக எழுந்து நன்றிச் சாட்சி சொன்னார்கள், மருமகள் பிழைத்ததற்கு ஒருத்தி, மகனுக்கு லாரியில் வேலை கிடைத்ததற்கு ஒருத்தர். அப்போது பூவாத்தாள் எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடாமல், அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து சொன்னாள். நம் பேச்சு வாடை கலந்துதான் சொன்னாள், ஆனால் ஒரு வரியும் விடவில்லை. முடித்ததும் எல்லாரும் ஒரு ஸ்தோத்திரத்துக்காகக் காத்திருந்தோம். அவள் உட்கார்ந்துவிட்டாள். சபை மூப்பர் கைலாசம் அவசரமாக எழுந்து ஒரு துதிப் பாட்டை எடுத்தார். ஒருவரும் கூடப் பாடவில்லை, அவரும் பாதியில் நிறுத்திவிட்டார். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எந்தப் பெண்ணும் அவளோடு பேசவில்லை, செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டே போனார்கள். வீட்டுக்கு வந்து அப்பா, "நீ சொல்லிக்குடுத்தது தப்பில்ல. ஆனா இனி நம்ம ஊட்டுக்கு யாரு வருவாங்கன்னு பாக்கோணும்" என்றார்.

கைலாசம்தான் வந்தார். அவர் கெட்டவர் இல்லை எப்சி. வாதம் வந்து படுக்கையில் கிடக்கும் மனைவிக்கு எத்தனையோ வருஷமாகச் சோறு ஊட்டிவிட்டுத்தான் கோயிலுக்கு வந்து ஸ்தோத்திரம் சொல்கிறவர். "நானும் உள்ளுக்குள்ள அதையெல்லாம் நெனைக்காமயா இருக்கறனுங்க? வாயத் தொறந்து சொல்லிப்போட்டா அப்புறம் எந்திரிக்க முடியாதுங்கம்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலத்திலிருந்து போதகர் ஐயர் வந்து பேசும் வரைக்கும் பெண்கள் கூட்டத்தைத் தம் மருமகள் நடத்தட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயர் வந்தார், பேசினார், மருமகளே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா சொன்னார். நீ வேதம் சொல்லிக்கொடுக்கிறவள், தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். சொல்லிக்கொடுப்பதற்கு இப்படியும் ஒரு கூலி உண்டு.

ஆகையால் அந்தத் தோட்டத்துப் பெண்ணிடம் நீ சொன்ன வசனம் பொய் என்று நினைக்காதே. அது சத்தியம்தான். ஆனால் அதைப் பவுல் தன்னுடைய பாடுகளைப் பற்றிச் சொன்னார், அடுத்தவள் பிள்ளையின் கட்டிலுக்கு அருகில் நின்று சொல்லவில்லை. சில வசனங்களைத் துக்கப்படுகிறவளே ஒருநாள் தன் வாயால் சொல்ல வேண்டும், நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். உன் கூட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல். நாளைக்கு அவள் கட்டில் பக்கம் போனால் வேதப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு போகாதே, முகம் கழுவத் தண்ணீர் கொண்டு போ.

பூவாத்தாள் கதை அதோடு முடியவில்லை. மாதையன் வண்டி மறுபடியும் வடக்கே புறப்படுவதைக் கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிப்போ என்று அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். ரிக் லாரியில் பொம்பளையை ஏற்றுவது வழக்கமில்லை, மாதையன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். முடிவில் அவன் மனைவி பழனியம்மாளே, "கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, பெத்த வயிறு" என்று சொல்ல, கேபினில் உட்காரவைத்துக் கொண்டுபோனான். அவள் திரும்பி வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன மாதக் கடைசியில் வந்தாள். ஆள் கறுத்து, பாதியாகப் போயிருந்தாள். இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். ஆடியில் பெய்த மழையில் மண்மேடு கரைந்து புல் மூடிவிட்டது, ரோடு போடுகிறவர்கள் ஓரமெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். மாதையன் அடையாளம் வைத்திருந்த வேப்பமரத்தைக் காணோம். "ஒரே காடுங்கக்கா. எங்க பாத்தாலுமு ஒரே மண்ணு. அந்த மாதையன் பையன் இங்கயா அங்கயான்னு அழுதுட்டே ஓடுனானுங்க. பாவமா இருந்துது, உடு சாமின்னு நாந்தான் சொன்னேன்" என்றாள். ரோட்டோரத்தில் ஏதோ ஒரு இடத்தில் நின்று அந்தச் சங்கீதத்தைச் சொல்லியிருக்கிறாள். மாதையன் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நின்றானாம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தனவாம்.

இப்போது அவள் கோயிலுக்கு வருவதில்லை. அண்ணன் வீட்டுக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் நம் வீட்டுக்கு வருகிறாள். நான் ஜெபிக்கட்டுமா என்று கேட்டால் தலையசைப்பாள், கண்ணை மூட மாட்டாள். நான் அவளுக்குச் செய்தது உதவியா, இருந்த ஒரே சபையிலிருந்தும் அவளைப் பிரித்துவிட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வரும்போது மடியில் கொஞ்சம் கடலைக்காய் கொண்டுவந்தாள், பருப்பு சரியாகப் பிடிக்காத பொக்குக் காய்தான், இந்த வருஷம் விளைந்ததே அவ்வளவுதான். நான் வேதத்தைத் திறந்து, எண்பத்தொன்பதாம் சங்கீதத்தின் முதல் வரியை, கர்த்தருடைய கிருபைகளைப் பாடுவேன் என்பதை, மெதுவாக வாசித்தேன். அவள் கையை நீட்டிப் பக்கத்தின்மேல் வைத்து, "இன்னிக்கு வேண்டாமுங்கக்கா" என்றாள். வேதத்தை மூடி வைத்துவிட்டேன். வெளிச்சம் போகிறவரைக்கும் இரண்டு பேரும் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னாள் மகளே, எப்போதுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இந்த வாரத்தை ஓட்டுகிறேன்.

குளிர் காலம் வந்துவிட்டதே, இரவு டியூட்டி முடிந்து ஈரத் தலையோடு படுக்காதே. லீவு கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்கு வர வேண்டும் என்று மேட்ரனிடம் மல்லுக்கட்டாதே, நாங்கள் வருத்தப்பட மாட்டோம். தம்பிக்குத் தனியாக நாலு வரி எழுது, நான் சொல்வதைவிட நீ சொன்னால் கேட்பான். அப்பா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னார். உன்னைக் காக்கிறவர் உறங்குவதில்லை, நீயாவது நேரத்துக்குத் தூங்கு கண்ணு. அவருடைய சமாதானம் உன் அறையிலும் உன் வார்டிலும் தங்கியிருப்பதாக.

உனக்காக முழங்காலில் நிற்கும்
அம்மா,
லேயாள்