மூணாவது அவுட்டு

அயோவா
4 ஜூன் 1979

அன்பு லியோ,

நலமாக நம்மூர் வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். உன் அம்மாவிடம் நான் ஆசி கேட்டதாகச் சொல். இங்கே எங்கு திரும்பினாலும் மக்காச்சோளம்தான். வாழைக்காய் மசியலைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளாயிற்று.

எதிரெதிர் அணிகளில் நாம் ஆடிய அன்றைய பேஸ்பால் ஆட்டத்தை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அடித்த பந்து நேராக என் கையுறைக்குள் வந்தது, அடித்தவன் அவுட். இரண்டாம் தளத்தை மிதித்தேன். பந்து பிடிபடும் முன்பே அதை விட்டு ஓடிப்போயிருந்தவன் அவுட். திரும்பினால், முதல் தளத்திலிருந்து தலைதெறிக்க ஓடி வந்து என் முன்னால் நிற்கிறாய் நீ. பந்தை உன் மார்பில் வைத்தேன். ஒரே பந்தில் மூன்று பேரை ஒருவனே வீழ்த்துவதைப் பலர் ஆயுசுக்கும் பார்த்ததில்லையாம். பத்திரிகைக்காரர் வந்து படம் பிடித்தார். உன்னை மறுநாளே அணியிலிருந்து நீக்கி விமானம் ஏற்றிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என்னை மன்னித்துவிடு. அந்தப் பந்தை உனக்கே அனுப்புகிறேன்.

உன்
ரதாமேஸ்

சான் பெத்ரோ
20 ஜூன்

ரதாமேஸுக்கு,

பந்து வந்தது. திருப்பி அனுப்புகிறேன். மன்னிப்பையும் நீயே வைத்துக்கொள். பிடிப்பது உன் வேலை, பிடித்தாய். பாவம் பார்த்து என்னை விட்டிருந்தால்தான் உதைத்திருப்பேன்.

என்னை என்ன சொல்லி அனுப்பினார்கள் தெரியுமா? சைகை இல்லாமல் நானாக ஓடினேனாம். எங்கள் பயிற்சியாளர் பெல்ட்டைத் தொட்டார். தொட்டால் ஓட வேண்டும், ஓடினேன். தோற்றதும், தொடவே இல்லை என்று சாதித்துவிட்டார். இங்கே முடிவெட்டும் நெரெயோ, "வாப்பா மூணாவது அவுட்டு, பாத்து உக்காரு, நாற்காலி உன்னைத் தொட்டுரப் போவுது" என்கிறான். மாமியார்கூட அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார். குளிர்காலத்தில் ஆடும் ஊர் அணியில் இடம் கேட்டால், "சொல்லாமலே ஓடுறவனை வெச்சிக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்கிறார்கள்.

நீ பார்த்தாய். பந்து வீசும் முன்பே இரண்டாம் தளத்தின் பக்கம் நகர்ந்தாய். எங்கள் சைகையை நீ படித்து வைத்திருந்தாய். அதை வெளியே சொல்.

லியோ

அயோவா
5 ஜூலை

அன்பு லியோ,

கோபத்தில் எழுதியிருக்கிறாய், பரவாயில்லை. ஆமாம், படித்து வைத்திருந்தேன். ஆனால் எதிரணியின் சைகை தெரியும் என்று எங்களில் யாரும் வெளியே வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவர்கள் மாற்றிவிடுவார்கள். என்னை மேல் அணிக்கு அனுப்பப் பேச்சு நடக்கிற நேரம் இது. செப்டம்பரில் ஊருக்கு வந்து நெரெயோ கடையிலேயே எல்லார் முன்னாலும் சொல்கிறேன். கொஞ்சம் பொறு.

உன்
ரதாமேஸ்

சான் பெத்ரோ
19 ஜூலை

ரதாமேஸ்,

குளிர்கால அணி ஆகஸ்ட் கடைசியில் ஆள் எடுத்து முடித்துவிடும். உன் செப்டம்பரை வைத்து நான் என்ன செய்ய?

தினமும் காலையில் மைதானத்துக்குப் போய் ஓடுகிறேன். சர்க்கரை ஆலைக்குப் போகிறவர்கள் நின்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாளைக்கே ஒருவர் பெல்ட்டைத் தொட்டால் நாளைக்கும் ஓடுவேன். சொன்னதைச் செய்தவன் நான், எனக்கு வெட்கமில்லை. உனக்கு இருந்தால் அது உன் பாடு.

இனி எழுதாதே.

லியோ

அயோவா
4 ஆகஸ்ட்

அன்பு லியோ,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், என்ன செய்வாய்?

பத்திரிகைக்காரரிடம் போனேன். "அவரு பெல்ட்டைத் தொட்டாரு, இவன் ஓடினான். என் கண்ணால பாத்தேன். அது தெரிஞ்சதாலதான் அந்த இடத்துல நின்னேன்" என்றேன். அச்சில் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தோடு இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்றைக் குளிர்கால அணிக்குக் கொடு, மற்றதை நெரெயோவின் கண்ணாடியில் ஒட்டு.

எங்கள் மேலாளர் கூப்பிட்டார். "வீட்டு விஷயத்தைத் தெருவுல சொல்றவன் எனக்கு வேணாம்" என்றார். "அப்ப டிக்கெட்டை எடுங்க" என்றேன். மேல் அணிப் பேச்சும் அதோடு போயிற்று. வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இருபத்தோராம் தேதி வந்து இறங்குகிறேன். அந்தப் பந்தும் வருகிறது. காலையில் நீ ஓடும்போது நானும் வருவேன், அதை அடித்தே தேய்த்துவிடுவோம்.

நெரெயோவிடம் சொல்லிவை, நாலாவது அவுட்டு வருகிறான் என்று.

உன்
ரதாமேஸ்