போகச் சொன்னது யார்

தருமபுரம், காரைக்கால்
பிப்ரவரி 20

அன்பு மகள் ஜூலியட்டுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் அருளால் இங்கே நான் நலம். இங்கிலாந்தில் பனி இன்னும் விடவில்லை என்று செய்தியில் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே ஒரு கேள்வி கேட்டாலே நான் சர்க்கரை, மழை என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். மூன்று மாதமாக அப்படித்தான் நடக்கிறது. எழுத ஆரம்பித்தால் முடித்துத்தானே ஆக வேண்டும்.

சர்க்கரை இப்போது குறைந்திருக்கிறது. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது. அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்தேன். பொங்கல் கழிந்து ரொனால்டும் கீர்த்திகாவும் குழந்தையோடு இங்கே வந்து எட்டு நாள் இருந்துவிட்டு, திருச்சியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினார்கள். தம்பி பேரை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுவதால் இதையும் உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

நவம்பரில், அவன் பெர்த் நகரத்துக்குப் போகப்போவதை உன்னிடம் சொன்ன அன்று, நீ எனக்குப் போன் செய்து அழுதாய். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். குட்டி சலோமி உன் மடியில் வளர்ந்தவள். அவர்களுக்காகத்தான் மூன்று அறை உள்ள வீடாகப் பார்த்து வாங்கினாய். எல்லாம் கீர்த்திகா செய்த வேலை, அவள்தான் என் தம்பியைப் பிரித்துக்கொண்டு போகிறாள் என்றாய். நான் ‘ம்’ என்றேன்.

கீர்த்திகா இல்லையம்மா. போகச் சொன்னது நான்தான்.

போன தவக்காலத்தில் ரொனால்ட் எனக்குத் தனியாகப் போன் செய்தான். அங்கே முதியோர் இல்லத்து வேலையில் படித்த எலக்ட்ரீஷியன் தொழில் கையைவிட்டுப் போகிறது, பெர்த்தில் அதே தொழிலுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆனால் அக்காவை விட்டுப் போக மனசு வரவில்லை என்றான். “அந்த வீட்டுல ஒரு பல்பு மாத்தணும்னாகூட அக்காவைக் கேட்டுட்டுத்தான்ப்பா மாத்துறேன்” என்றான். உன்னைக் குறை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். முப்பத்தாறு வருடம் மின்துறையில் கம்பம் ஏறியவனுக்கு அது சிரிப்பாக இல்லை. போ என்றேன். அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லப் பயந்து விட்டுவிட்டேன். நீ தனியாகிவிடுவாய் என்று தெரிந்தேதான் போகச் சொன்னேன். அதையும் மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தவரை எனக்கும் ஒரு ஊரை நினைத்துக்கொண்டால் போதுமாக இருந்தது.

இங்கே இருந்த எட்டு நாளும் ரொனால்ட் போனில் உன் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒருநாள் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது, ஜூலி அத்தை மிளகு போடாமல் தனியாக எடுத்துவைப்பாங்களே என்று குழந்தை கேட்டாள்.

புறப்படுகிற அன்று காதர் பாட்சா வாடகைக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டான். கீர்த்திகா அடுக்களைக்கு வந்து என்னிடம் விடைபெற்றாள். நீ அவள்மேல் கோபமாக இருப்பது அவளுக்குத் தெரியும், உண்மையும் தெரியும். இன்றைக்கே ஜூலியட்டிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் மாமா. நான்தான் கூட்டிட்டுப் போனேன்னே அண்ணி நெனச்சிக்கட்டும். உங்க மேலயும் கோவம் வந்துட்டா, அண்ணிக்குப் பேசுறதுக்கு அப்புறம் யாரு இருக்கா?”

உன்னைப் பற்றி அவள் எவ்வளவு யோசித்திருக்கிறாள் பார். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சொன்னது நியாயமாகவும் பட்டது. அதனால்தான் ஒரு மாதமாக இதை எழுதாமல் இருந்தேன். ஆனால் எனக்கு எழுபத்திரண்டு முடிந்துவிட்டது, மகளே. பேசுவதற்கு என்னை மட்டும் உனக்கு மிச்சம் வைப்பது சரியில்லை.

ரொனால்டுக்கு வேலை ஆரம்பித்துவிட்டது. குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். அவர்கள் புது நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்குக் காலை பத்து மணி என்றால் அங்கே சாயங்காலம் ஆறு. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கீர்த்திகா எடுத்தால் வைத்துவிடாதே. என்மேல் கோபம் வரும், வரட்டும். கொஞ்ச நாள் எனக்குப் போன் செய்யாமல் இரு. நான் தவறாக நினைக்க மாட்டேன். என்னோடு பேசுகிற அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடு.

தேவமாதா உன் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா,
மரியசூசை