அப்சர் வாங்கித் தந்த மாத்திரை

28.5.2006, ஞாயிறு

தம்பி அப்சர் இன்று துபாய்க்குத் திரும்பிவிட்டான். லீவு முழுக்க வாப்பாவை விட்டு அகலவில்லை. பட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்ததில் கொழுப்பு அதிகம் என்று வந்தது. உடனே துபாயிலிருந்து வந்த கூட்டாளியிடம் சொல்லி ஒரு டப்பா மாத்திரை வரவழைத்துக் கொடுத்திருக்கிறான்.

“இங்க பத்து மில்லிகிராம், இருபதுன்னு பயந்து பயந்து கொடுப்பாங்க. இது எண்பது. தூங்கப் போறப்ப ஒண்ணு போட்டாப் போதும் வாப்பா.”

இதயத் துடிப்பு தாறுமாறாகப் போனதிலிருந்து வாப்பா தஞ்சாவூர் டாக்டர் எழுதிய மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறார். அதோடு இதையும் போடலாமா என்று கேட்டேன்.

“அது துடிப்புக்கு, இது கொழுப்புக்கு. ரெண்டும் நல்லதுதானே லாத்தா?”

எனக்கும் சரியாகத்தான் பட்டது.

16.6.2006

வாப்பாவுக்குத் தொடை வலி. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெல் கொள்முதலுக்கு வரப்பு வரப்பாக நடந்து பழகிய மனிதர்! மேட்டூர் திறந்தாச்சா என்று மட்டும் கேட்டார். உம்மா தைலம் தேய்த்துவிட்டாள்.

23.6.2006, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போகவில்லை. வீட்டில் தொழுதார். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவரால் எழ முடியவில்லை. “நஜ்மா, கை கொடும்மா” என்றார். நானும் உம்மாவும் சேர்ந்து தூக்கினோம். தோள்கூடத் துவண்டிருந்தது.

உள்ளூர் டாக்டர் வந்து பார்த்தார். வயசு, வாதம் என்றார். வலிக்கு ஊசி போட்டார்.

27.6.2006

வாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெட்கத்தோடு சொன்னார்: சிறுநீர் பால் ஊற்றாத தேத்தண்ணி மாதிரி போகிறதாம். அதுவும் கொஞ்சமாக. அப்சருக்குப் போன் போட்டேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லு என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. காலையில் தஞ்சாவூர் போகிறோம். என் வீட்டுக்காரர் சவுதியில், தம்பி துபாயில். நான்தான் போகவேண்டும்.

28.6.2006, தஞ்சாவூர்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

டாக்டர் வாப்பாவின் தொடையை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு என்னிடம், “நான் எழுதினதைத் தவிர வேற என்ன மருந்து சாப்பிடுறார்?” என்றார்.

பையிலிருந்து அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். படித்தார்.

“யார் எழுதிக் கொடுத்தா?”

“யாரும் எழுதலைங்க. தம்பி வெளிநாட்டிலேருந்து வரவழைச்சுக் கொடுத்தான்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான். கொழுப்பு மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்ற வேண்டும். துடிப்பு மாத்திரை அதைத் தடுத்துவிடுகிறது. அதனால் மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். எண்பது என்பது அவருக்குப் பல மடங்காகிவிட்டது. தசை உடைந்து கரைந்து, அந்தக் கழிவு போய் கிட்னியை அடைத்துவிட்டது. வலி ஊசி அதை இன்னும் கெடுத்திருக்கிறது.

“ரெண்டையும் நிறுத்திட்டாச் சரியாயிடுமா டாக்டர்?”

“கொழுப்பு மாத்திரையை இப்பவே நிறுத்தணும். துடிப்பு மாத்திரையை நிறுத்தினாலும் அது மாசக்கணக்கா உடம்பிலேயே தங்கும்மா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேற மருந்து எதுவும் சேர்க்காதீங்கன்னு நானும் சொல்லி அனுப்பியிருக்கணும்.”

சொல்லவில்லையே. யாருமே சொல்லவில்லையே.

2.7.2006

டயாலிசிஸ். கழுத்தில் குழாய். மாத்திரையைப் பற்றி வாப்பாவிடம் டாக்டரே சொல்லிவிட்டார்.

முடிந்து வெளியே கொண்டுவந்ததும் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்சர்கிட்ட சொல்லாதே. ஆசையா வாங்கிக் கொடுத்த புள்ளை. காலத்துக்கும் அவன் தாங்கமாட்டான்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

5.7.2006

மூச்சுத் திணறல். முகமெல்லாம் வீங்கிவிட்டது. உம்மா யாசீன் ஓதிக்கொண்டே இருக்கிறாள்.

9.7.2006

வாப்பா மவுத்தாகிவிட்டார்கள்.

11.7.2006

டிக்கெட் கிடைத்து அப்சர் இன்றுதான் வந்தான். அதற்குள் அடக்கிவிட்டோம். கபரைப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

“நான் இருந்தப்ப நல்லாத்தானே இருந்தாங்க? கிட்னி எப்படி லாத்தா கெட்டுச்சு?”

உம்மா முந்திக்கொண்டு, “அல்லாஹ்வோட நாட்டம்” என்றாள். நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். போய் எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

20.8.2006

துபாயிலிருந்து அப்சர் பேசினான். அவன் மாமனார் ஹாஜா மைதீனுக்கும் கொழுப்பு இருக்கிறதாம். “வாப்பாவுக்குக் கொடுத்த அதே மாத்திரையை ஆள்கிட்ட கொடுத்துவிட்டிருக்கேன். நாளைக்கு அவங்க வீட்டுக்கு வந்துடும்.”

மாமாவும் அதே தஞ்சாவூர் டாக்டரிடம்தான் பார்க்கிறார். வாப்பாதான் அனுப்பிவைத்தார். அவரும் அதே துடிப்பு மாத்திரைதான்.

“அதைக் கொடுக்க வேணாம் தம்பி.”

“ஏன்?”

ஏதேதோ பொய் சொல்லிப் பார்த்தேன். காலாவதி, ஒவ்வாமை... அவன் விடவில்லை. “இது நல்ல கம்பெனி மருந்து, நானே பார்த்து வாங்கினேன்” என்கிறான். வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். நாளைக்கு அந்த டப்பாவைத் திறக்கப்போகிற மனுஷர் ஒரு பக்கம்.

சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது முழுவதையும். வாப்பா சொல்லவேண்டாம் என்றதையும்.

“தம்பி? தம்பி, இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு லைன் அறுந்தது. அறுந்ததா, வைத்தானா?

பர்தாவைப் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். ஆள் கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள், தஞ்சாவூர் டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். சரி என்றார்.

3.9.2006

அப்சர் பேசவில்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை. சண்டையா என்று உம்மா கேட்கிறாள்.

14.10.2006

ஹாஜா மைதீன் மாமா நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். கடைத்தெருவிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். டாக்டர் வேறு மாத்திரை, சின்னது, எழுதிக் கொடுத்தாராம். ஒரு தொந்தரவும் இல்லையாம்.

போகும்போது வாசலில் நின்றார். “மாப்பிள்ளை முன்ன மாதிரி பேச மாட்டேங்கிறாரே. பெருநாளைக்கும் வரலையாம். அங்க ஏதும் பிரச்சினையா நஜ்மா?”

வேலை அதிகம் மாமா என்றேன்.

தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். தெருமுனை திரும்பும்வரை அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.