பின் சுவரின் பச்சைக் கோடுகள்

பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை ஏழு இருபது. பின் சுவரில் உன் பச்சைக் கோடுகள் ஐந்து. இப்போதுதான் எண்ணினேன். அடியில் இருப்பது கணுக்கால் உயரம். உச்சியில் இருப்பது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உன் கோணல் கையெழுத்தில் தேதி.

பெயின்டர் செல்வராசு சுண்ணாம்பு வாளியில் நீலம் கலக்கிக்கொண்டிருக்கிறார். நெடி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பூ வாசனையில் ஞாபகம் வருகிற ஆள் நீ இல்லை.

நாளை கொரியாவிலிருந்து நான்கு பேர் மனை பார்க்க வருகிறார்கள். துவாக்குடி தாண்டி, ஏரிக்குக் கீழே கிடக்கும் நம் தொழிற்பூங்கா உனக்குத் தெரிந்ததுதான். இருபத்திரண்டு மனை. ஆறில் உள்ளூர் வெல்டிங் பட்டறைகள். மீதியெல்லாம் சீமைக்கருவேலம், நீ இருந்தபோது இருந்ததைவிட உயரமாக. ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கால் வைத்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று ஜி.எம். இன்னும் அதையேதான் சொல்கிறார். அது தவறும் இல்லை.

அவர்கள் அனுப்பிய படிவத்தை இன்று மதியத்துக்குள் நான் நிரப்பி அனுப்ப வேண்டும். பதினேழாவது கேள்வி: மனையில் வெள்ளம் தேங்கியது உண்டா? போன தடவையும் இதே கேள்வி வந்தது. 'இல்லை' என்று எழுதினேன். அதை நீ படித்துவிட்டாய்.

"மாப்ள, நீ ஸ்ரீரங்கத்துக்காரன். ரெண்டு ஆத்துக்கு நடுவுல படுத்துத் தூங்குறவன். உனக்குத் தண்ணி தெரியாதா?" என்றாய்.

"இது ஆறு இல்லடா, மழைத் தண்ணி. நாலு நாள் நிக்கும், போயிரும்."

"நாலு நாள் நிக்கும்னு எழுது. அதுக்கு எதுக்கு 'இல்லை'?"

நீ துபாயில் ஆறு வருடம் சர்வேயராக இருந்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவன். மணலில் மட்டம் பார்த்துப் பார்த்து உனக்கு மட்டத்தின் மேல் ஒரு வெறி. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி வழிந்தால் மறுநாள் காலை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, பச்சை எனாமல் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் பின் சுவருக்குப் போவாய். தண்ணீர் தொட்ட இடத்தில் ஒரு கோடு, ஒரு தேதி. யாரும் உன்னைக் கேட்கவில்லை. "சம்பளத்துல இது இல்லையேடா" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். "குளிக்கிறதும் சம்பளத்துல இல்ல" என்பாய்.

இரண்டு வருடம் முன்பு ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாம் ஏற்பாடு செய்த லட்சணம் நினைவிருக்கிறதா? காலையில் நாதஸ்வரம், சந்தன மாலை. பிறகு ஸ்ரீரங்கம் கோபுரத்தின் முன் போட்டோ. பிறகு ஓட்டலில் இலை போட்டு விருந்து. விற்க வேண்டிய மனைக்கு மிஞ்சியது நாற்பது நிமிடம். அதற்கு முன்தினம் பின் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னவன் நான். ஜி.எம். சொல்லவில்லை, நான்தான். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் வெள்ளையடிப்பது நமக்குப் பழக்கம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வந்தவர்களில் ஒரு பெண் இன்ஜினியர். கார் டிக்கியிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, கழுத்து மாலையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, நேராகப் பின் மூலைக்கு நடந்தார். மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று கேட்டார். "நிற்காது" என்றேன். முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

நீ பைக் சாவியை எடுத்துச் சுவரைச் சுரண்டினாய். வெள்ளை உதிர்ந்து உதிர்ந்து பச்சை வந்தது. பிறகு குனிந்து, உன் தொடையில் கையை வைத்து, "மேடம், இது வரைக்கும்" என்றாய். தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது. போட்டோ எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் துவாக்குடி டீக்கடையில் உன்னை நான் விடவில்லை. "மூணு வருஷமா ஒருத்தன் எட்டிப் பாக்கல. வந்தவனையும் சாவியாலயே சுரண்டி அனுப்பிட்டியேடா. போச்சுன்னா உன்னாலதான்."

"போகட்டும். வாங்கிட்டு வந்து மெஷினை இறக்கி, கார்த்திகைல அது முங்குச்சுன்னா போன் யாருக்கு வரும்? எனக்கா? உனக்குத்தான் வரும். அப்ப என்ன சொல்லுவ, தண்ணி வழி தப்பி வந்துருச்சுன்னா?"

"பெரிய அரிச்சந்திரன்."

"டீ ஆறுது, குடி."

பத்து நாள் பேசவில்லை. பிறகு பேசினோம், அதைப் பற்றி மட்டும் பேசாமல்.

உனக்குத் தெரியாத விஷயம் இனிமேல்தான். ஜெர்மன்காரர்கள் வரவில்லை என்று கடிதம் வந்ததாக உனக்குச் சொன்னேன். கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தேங்கும் தண்ணீர் எங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, வடிகால் வெட்டினால் தீர்ந்துவிடும். ஆனால் புதிதாக வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் வேறென்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சுவரைச் சுரண்டிக் காட்டியவருக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.

போனது உன்னால் இல்லை. என்னால்.

அதை உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அந்த ஒரு நிமிடத்தை நான் தள்ளிப்போட்டேன். நீ சிரிப்பாய், அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். கடிதம் வந்த எட்டாவது நாள் மன்னார்புரம் சிக்னலில் பைக்கை ஓரம் கட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வயது. கபர்ஸ்தானில் மூன்று கைப்பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன். அப்போதும் மனசுக்குள்கூட நான் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. நீ இறந்த வருடம் மழை பொய்த்தது. இந்தக் கார்த்திகையில் தண்ணீர் நின்றது, ஐந்து நாள். போனில் ஒரு போட்டோ எடுத்தேன். கோடு போடவில்லை. மோட்டார் ரூமில் உன் பிரஷ் கல்லாக இறுகிக் கிடக்கிறது.

சற்று முன் செல்வராசு வந்து நின்றார். நான் அன்று அடிக்கச் சொன்ன சுண்ணாம்பு இரண்டு வருட வெயிலிலும் மழையிலும் உரிந்து, எனாமல் அப்படியே இருக்கிறது. "இது பாய் போட்ட கோடுல்ல சார்? ரெண்டு கோட் அடிச்சாத்தான் மறையும். அடிச்சுரவா?" என்றார். கேட்டுவிட்டு வாளியைத் தூக்காமல் நின்றார்.

ஜி.எம்.முக்குப் போன் போட்டேன். "சார், பின் சுவரை அடிக்க வேணாம். படிவத்துலயும் உள்ளதை எழுதிடுறேன்."

"என்னப்பா நீ? கல்யாணத்துக்கு வர்றவங்களைக் கொல்லைப்பக்கமாவா கூட்டிட்டு வருவ?"

"கொல்லைப்பக்கத்தைத்தான் சார் மனைன்னு விக்கிறோம்."

"இந்தத் தடவையும் போச்சுன்னா திங்கக்கிழமை நீ வேற வேலை பாத்துக்க. கோவமா சொல்லல, சும்மா சொல்லி வைக்கிறேன்."

"சரிங்க சார்" என்றேன். அவர் வைத்துவிட்டார். இந்தக் கம்பெனியும் போகலாம், போகாமலும் இருக்கலாம். உண்மையைச் சொன்னால் கம்பெனி வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பக்கத்து மாவட்டத்தில் மேட்டு நிலம் காட்டுகிறார்கள், இவர்கள் அங்கேயும் போகிறார்கள். ஆனால் இன்னொரு தடவை அந்தக் கடிதத்தை என்னால் வாங்க முடியாது.

மணி எட்டாகப் போகிறது. செய்ய வேண்டியவை:

1. செல்வராசு முன் கேட்டை மட்டும் அடிக்கட்டும். பின் சுவரில் கை வைக்கக் கூடாது.

2. பதினேழாவது கேள்விக்கு: "உண்டு. அதிகபட்சம் ஐந்து நாள்." கூடவே கோடுகளின் படம்.

3. உன் மட்டக் குறிப்பு நோட்டு என் மேஜையில்தான் இருக்கிறது. அதை வைத்து மூலையிலிருந்து வாய்க்கால் வரைக்கும் வடிகால் படம் ஒன்று வரைய வேண்டும். இரண்டு வருடம் முன்பே வரைந்திருக்க வேண்டியது.

4. நாளை முதலில் பின் மூலை. கோபுரம், மாலை, சாப்பாடு எல்லாம் பிறகு, அவர்களுக்கு இஷ்டம் இருந்தால்.

5. புது பிரஷ், பச்சை எனாமல். போட்டோவைப் பார்த்து அளந்து, கார்த்திகைத் தேதியோடு ஆறாவது கோடு. என் கையெழுத்து உன்னுடையதைவிட மோசமாக இருக்கும், பரவாயில்லை.

6. ஞாயிற்றுக்கிழமை பாலக்கரையில் உன் வீட்டுக்குப் போய், நீ அத்தா என்று கூப்பிட்ட உன் அப்பாவிடம் அந்தக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். சுவரில் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது யார் என்பதையும் சேர்த்து.