மேல்கரையிலிருந்து வந்த பொருள்விளங்கா

நலம் பெருகுக, மழை பிழையாதொழிக. கீழ்க்கரை நாட்டு மணிமுடி தாங்கி, துறைதோறும் காவலும் தெருத்தோறும் நீதியும் நிறுத்தி, பகைவர்க்கு இடியாகவும் வந்தவர்க்கு நிழலாகவும் வீற்றிருக்கும் திருவளர் வல்லரையர் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் மணவாளக்கூத்தன் எழுதியது. பேரப்பிள்ளை தலையெடுக்கும்வரை மேல்கரை நாட்டுச் செங்கோலைத் தம் கையில் ஏந்திய பெருந்தேவி, மன்னர்க்கு உடன்பிறந்த தமக்கை, செண்பக நாச்சியார் திருமுன் படிக்க. தேவியாரின் நெல்லும் கன்றும் குடியும் படையும் வாழ்க. இங்கே மன்னர் நலம். தலைமை அமைச்சர் காரிக்கண்டர்க்கு மட்டும் மனம் சற்றுச் சரியில்லை. அதன் காரணம் இவ்வோலையிலேயே வரும்.

தேவியார் விடுத்த ஆள் உலகன் இத்தனை நாளாய் ஏன் திரும்பவில்லை என்று அங்கே ஐயம் எழுந்திருக்கும். எழுவது முறையே. நடந்ததில் ஒன்றையும் மூடாமல் எழுதுக என்பது மன்னர் கட்டளையாதலால், எம் பக்கத்து அசடும் இதில் வழிந்தால் தேவியார் பொறுத்தருள்க.

வாய்க்கு வெள்ளைத்துணி கட்டிய பானையொன்றைத் தலையில் தாங்கி உலகன் எம் பரிசல்துறையில் இறங்கினான். பானையில் என்ன என்று காவலர் வினவ, "பொருள்விளங்கா" என்றான். தங்களுக்கும் விளங்காமையால்தான் கேட்பதாகக் காவலர் உரைத்தனர். "அதத்தானே சாமி நானுஞ் சொல்றேன், பொருள்விளங்காதான்!" என்று அவன் மறுபடியும் சொல்ல, அரசாங்கத்தையே கேலி செய்கிறானென்று கையைப் பின்னே கட்டிவிட்டார்கள். கீழ்க்கரையில் அந்தப் பண்டத்துக்குக் கெட்டி உருண்டை என்று பெயர். ஆறு ஒன்றுதான், பேச்சு இரண்டாயிற்று. அவ்வளவே அவன் செய்த குற்றம்.

செய்தி அமைச்சரிடம் போயிற்று. காரிக்கண்டர் தம் நிழல் முன்னே விழுந்தால் யார் அனுப்பியது என்று கேட்கும் இயல்பினர். நாட்டுக்கு நல்லவர், மறுப்பதற்கில்லை, ஆயினும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தேவியாரின் கணவர் உயிரோடிருந்த காலமெல்லாம் ஆற்றுத்திட்டு வழக்கால் இரு கரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் மறைந்து ஆண்டு திரும்புமுன், கேளாமல் ஒரு பானை வருகிறது. கொண்டுவந்தவனோ உள்ளிருப்பது இன்னதென்று விளங்காது என்கிறான். இன்னதென்று விளங்காத பொருள் நஞ்சன்றி வேறென்ன என்று அமைச்சர் முடிவு கட்டினார். அரண்மனைக் குரங்குக்கு இரண்டு உருண்டை கொடுத்துப் பார்த்தார். தின்றுவிட்டு அது மூன்றாவதுக்குக் கை நீட்டியது. அப்படியானால் மெல்லக் கொல்லும் நஞ்சு என்று சொல்லி, குரங்குக்கும் ஒரு காவல் போட்டார். துறையை அடைத்துச் சில நாள் பொறுத்துப் பார்த்தபின், பொழுது சாய்வதற்குள் உலகனின் தலையை வாங்கவும், ஆற்றில் நீர் ஓடுமளவும் துறையை மூடவும் ஆணை எழுதி, மன்னர் முன் நீட்டினார்.

மன்னர் ஆணையைப் படிக்கவில்லை. வறுத்த பச்சைப்பயறும் வெல்லப்பாகும் சுக்கும் கலந்த மணம் அவைக்குள் புகுந்திருந்தது. தேவியாரே, தங்கள் தம்பியாரைத் தாங்கள் அறியாததா! முடிசூட்டு நாளில் ஒரு கன்னம் வீங்கியிருக்கக் கண்ட புரோகிதர், பல்நோவோ என்று அஞ்சி வேள்வியை நிறுத்தினாரே, அந்த வீக்கம் கெட்டி உருண்டைதானே! கருவூலக் கதவின் இடுக்கில் அதை வைத்து நசுக்கித் தமக்கை பெரிய பாதியைத் தந்ததையும், கதவு பழுதானதற்கு அடி மட்டும் தமக்கையே வாங்கியதையும் மன்னர் இன்றும் படைத்தலைவர்களுக்குச் சொல்வார். அறுசுவையும் பரிமாறிய இலையின் முன் அமர்ந்து அந்த உருண்டை இல்லையே என்று ஏங்கிய நாள்கள் பல. அரியணையினின்று இறங்கி வந்து பானையின் துணியைத் தாமே அவிழ்த்தார்.

அமைச்சர் குறுக்கே பாய்ந்து ஓர் உருண்டையை விரலால் அமுக்கினார். அது அமுங்கியது.

அவை திகைத்தது. சுத்தியல் கொண்டு உடைக்கும் பண்டம், விரலுக்கு அமுங்கலாமா? மன்னரும் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். முகம் இருண்டது. இது அவள் கைப்பாகு அன்று என்று மெல்லச் சொன்னார். அந்தச் சொல்லில் இருந்த வேதனையை எழுத எழுத்தாணிக்கு வலுவில்லை.

காரிக்கண்டர்க்கோ வேறொரு பேரச்சம். தேவியார் அறியாத ஒன்று இங்கே உண்டு. மன்னர்க்குப் பல் முழுதும் விழுந்துவிட்டது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள், அக்கம்பக்கத்துப் பகைவர் அறிந்தால் கிழச்சிங்கமென்று வேலியைத் தாண்டுவார்கள் அன்றோ? ஆதலால் மருத்துவரும் அமைச்சரும் இவ்வோலை எழுதுபவனும் தவிர எவரும் அறியாமல் காத்து வந்தோம். அவையில் மன்னர் ஓரிரு சொல்லோடு நிறுத்துவதைப் பெருந்தன்மை என்று உலகம் எண்ணியிருந்தது. அப்படியிருக்க, பல்லில்லாதவர் தின்னத் தக்க உருண்டை மேல்கரையிலிருந்து எப்படி வந்தது? அரண்மனைக்குள் ஒற்றன் இருக்கிறான் என்று அமைச்சர் மருத்துவரைப் பார்த்தார், மருத்துவர் ஓலைநாயகத்தைப் பார்த்தார், ஓலைநாயகம் தரையைப் பார்த்தான். அறிந்தவர் மூவரையும் மன்னர் மாறிமாறிப் பார்த்த பார்வை, ஐயோ, அது இனி ஒரு நாளும் வேண்டாம். பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதையென்று தாண்டவும் முடியாமல் நின்றது அவை.

அவையினரை வெளியே அனுப்பிவிட்டு, உலகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மன்னரின் பல்லைப் பற்றித் தேவியார்க்கு உளவு சொன்னவன் யாரென்று அமைச்சர் உறுமினார். உலகன் விழித்தான்.

"ராசாவுக்குப் பல்லு இல்லீங்களா?" என்று அவன் கேட்டபோது அமைச்சர் வாளை உருவிவிட்டார். அதன்பின் அவன் சொன்னதை, சொன்னவாறே எழுதுகிறோம். "எங்க ராணியம்மாவுக்குத்தாங்க பல்லு இல்ல. பாகு காச்சுறப்போ முத்த விடாதீங்கடின்னு அடுப்படியில கத்திக்கிட்டே இருந்தாங்க. கெட்டியாத்தானம்மா புடிப்போம்னு மாவு இடிக்கிறவுக கேட்டாக. அதுக்கு, 'என் பல்லெல்லாம் போயிருச்சு, எனக்கு அடுத்துப் பொறந்தவனுக்கு மட்டும் நட்டுக்கிட்டா நிக்கும்? அவனுக்கும் போயிருக்குமடி பாவம், வெளிய சொல்லமாட்டான்'னு சொல்லி அழுதாங்க. அவங்களே உக்காந்து ஒவ்வொண்ணாப் புடிச்சாங்க. வேற எதுவும் எனக்குத் தெரியாதுங்க சாமி."

வாள் தானே உறைக்குள் போயிற்று. மன்னர் அமைச்சர் தடுக்குமுன் கையிலிருந்த உருண்டையை வாயிலிட்டார். ஈறால் மென்று, விழுங்கி, இன்னொன்றை எடுத்தார். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்களே, அவ்வளவு நேரம் மென்றார். கண்ணீர் தாடியில் இறங்கியதைத் துடைக்கவும் இல்லை. உலகனின் கட்டை மன்னரே அவிழ்த்து, தம் தோளணியை அவனுக்குப் பூட்டினார். காரிக்கண்டர் மட்டும் அன்றிரவு முழுதும் துயிலும் மன்னரின் மூக்கருகே விரல் வைத்தபடி அமர்ந்திருந்தார். குரங்கின் காவலையும் இன்னும் எடுக்கவில்லை.

இவ்வோலை எழுதத் தொடங்கியதும் அமைச்சர் ஒரு வேண்டுகோள் வைத்தார். ஓலை வழியில் பிறர் கைப்படக்கூடும், ஆகையால் பல் விழுந்த செய்தியை மட்டும் விட்டுவிட வேண்டுமென்று மன்றாடினார். இத்தனை காலம் எவர் அறியக்கூடாதென்று மறைத்தோமோ, அவள் கேளாமலே அறிந்திருந்தாள் என்று மன்னர் விடையிறுத்தார். அதை எழுதாமல் விடுவதாயின் ஓலையே வேண்டாமென்றும் அருளினார். ஆகவே எழுதப்பட்டது.

இனி வருபவை மன்னர் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்தும் மாற்றாமல் பொறித்தவை. பரிசல்துறை இன்று திறந்தது, இனி மூடுவதில்லை என்பது ஆணை. ஆற்றுத்திட்டு மேல்கரைக்கே உரியதாகுக என்பது ஆணை. வல்லரையன் இலச்சினை இதன்மேல் இட்டோம், மீறுவோர் எம் சினத்துக்கு ஆளாவர். அக்காள் ஒருமுறை வரவேண்டும். வரும்போது பாகை முத்தவிட்டுக் கெட்டியாகவே பிடித்துக் கொண்டு வரவேண்டும். நம் இருவராலும் அதைக் கடிக்க முடியாது, சும்மா கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.